ட்யூபின் மேல் எழுதிய நேரம்: எச்.ஐ.வி. தடுப்பூசிக்கான மூன்று இந்திய ட்ரையல்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

எச்.ஐ.வி. தடுப்பூசி ட்ரையலில் ரத்தம் எடுத்ததும் ட்யூபின் லேபிளில் ஆளின் பெயரை எழுத மாட்டார்கள். ஒரு குறியீட்டு எண், தேதி, அதற்குக் கீழே ரத்தம் எடுத்த நேரம், மணியும் நிமிடமுமாக. அந்த நிமிடத்திலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் வெள்ளையணுக்களைப் பிரித்து உறைய வைத்துவிட வேண்டும். தவறவிட்டால், ஊசி அந்த உடம்பில் வேலை செய்ததா என்று பிறகு எந்த ஊர் ஆய்வகத்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வைரஸ் 1983-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகிவிடும் என்று 1984-இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் நம்பிக்கையோடு அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஊர் கூடித் தேர் இழுப்பது போல எத்தனையோ நாடுகள் இழுத்தும் தேர் நிலைக்கு வரவில்லை. வைரஸ் ஓயாமல் உருமாறுவது முதல் காரணம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்த ஆய்வு பார்ப்பது வடத்தை. ஒரு நாட்டில் எடுத்த ரத்தத்தை இன்னொரு நாட்டில் எடுத்த ரத்தத்தோடு நம்பி ஒப்பிட முடிந்தால்தான் கூட்டு முயற்சி என்ற பேச்சுக்கே பொருள் உண்டு. இந்தியாவில் நடந்த மூன்று முதல் கட்ட ட்ரையல்கள் (சிறு குழுவுக்குப் போட்டுப் பாதுகாப்பை முதலில் பார்ப்பவை) இதற்கு நல்ல பாடம். தில்லியில் ஆய்வகப் பணிக்கு வந்து முனிர்காவிலும் ஆர்.கே. புரத்திலும் அறை எடுத்துத் தங்கும் தமிழ் மாணவர்களையும், ட்ரையல்களில் ஆலோசகராகச் சேர்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

தில்லியில் நகர்ந்த கோப்புகள்

சர்வதேச எய்ட்ஸ் தடுப்பூசி முயற்சி அமைப்பு (ஐ.ஏ.வி.ஐ.) 1996-இல் தொடங்கியது. 2001-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஊசி போட்டது புணேயிலும் சென்னையிலும். கோப்புகள் நகர்ந்ததோ தில்லியில்.

வெளிநாட்டுக் கூட்டாய்வு என்றால் அன்சாரி நகரில் ஐ.சி.எம்.ஆர். வழியாக சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போக வேண்டும். மரபணு மாற்றிய வைரஸ் ஊசியில் இருப்பதால் லோதி சாலையில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழுள்ள மரபணு மாற்றக் குழுவும் பார்க்க வேண்டும். மருந்தை இறக்குமதி செய்யவும் மனிதருக்குப் போடவும் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவரின் அனுமதி. இவற்றோடு, ஊசி போடும் ஒவ்வொரு மையத்தின் அறநெறிக் குழு.

புதிதாக வருபவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. மருந்து உள்ளே வர அனுமதி வாங்குவதில் முழு மூச்சாக இறங்கிவிட்டு, மாதிரிகள் வெளியே போவதற்கான பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தை மறந்துவிடுவார்கள். எந்த மாதிரி, எத்தனை வயல் (மாதிரியை உறைய வைக்கும் சிறு குப்பி), எந்தச் சோதனைக்கு, மிச்சம் யாரிடம், அதிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு வந்தால் யாருடையது என்பதெல்லாம் ட்ரையல் திட்டம் எழுதும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். ஒப்புதல் படிவத்தில் ‘மாதிரி வெளிநாடு போகலாம்’ என்ற வரி இல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு எந்தக் குழு அனுமதித்தாலும் அந்த ரத்தத்தை அனுப்ப முடியாது.

மூன்று ட்ரையல்கள்

முதலாவது புணேயில் உள்ள தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2005 பிப்ரவரியில் தொடங்கியது. தன்னார்வலர்கள் 30 பேர். ஊசியின் பெயர் டிஜிஏஏசி09. நோய் உண்டாக்காத அடினோ-சார்பு வைரஸ் ஒன்றை வண்டியாக வைத்து, அதில் எச்.ஐ.வி.யின் சி வகை மரபணுத் துண்டுகளை ஏற்றியிருந்தார்கள். சியாட்டிலில் இருந்த டார்கெட்டட் ஜெனடிக்ஸ் நிறுவனம் உருவாக்கியது. இதே ஊசி பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் ஏற்கெனவே போடப்பட்டுக்கொண்டிருந்தது. பாதுகாப்பில் குறையில்லை. நோய் எதிர்ப்புத் தூண்டல்தான் போதவில்லை. மனிதர்களில் பலருக்கு அந்த வண்டி வைரஸ் முன்பே அறிமுகமாகியிருக்கும். உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டால் சுமை இறங்குவதற்குள் வண்டியை மறித்துவிடும்.

இரண்டாவது சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில், 2006 ஜனவரியில், 32 பேருடன். டிபிசி-எம்4 என்ற அந்த ஊசியின் வண்டி, பெரியம்மைத் தடுப்புக்காகக் கோழிக் கரு செல்களில் 570 முறைக்கு மேல் வளர்த்து வலுவிழக்க வைத்த எம்.வி.ஏ. வைரஸ். அது மனித செல்லுக்குள் நுழையும், பெருகாது. அதில் ஏற்றியவை இந்திய சி வகை வைரஸின் மரபணுக்கள். 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று ஊசிகள். மூன்றாவது ஊசிக்குப் பின் குறைந்த அளவு பெற்றவர்களில் 82 சதவீதத்தினரிடமும், அதிக அளவு பெற்றவர்கள் அனைவரிடமும் டி செல் (தொற்றிய செல்களைத் தாக்கும் வெள்ளையணு) எதிர்வினை தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் ‘எதிர்வினை தெரிந்தது’ என்பதற்கும் ‘தொற்றைத் தடுத்தது’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை முதல் கட்ட ட்ரையல் அளக்காது.

மூன்றாவது 2009-இல், புணேயும் சென்னையும் சேர்ந்து, மொத்தம் 32 பேர். நியூயார்க்கின் ஆரன் டயமண்ட் மையம் உருவாக்கிய அட்வாக்ஸ் என்ற டி.என்.ஏ. ஊசியை முதலில் போட்டு, எம்.வி.ஏ. ஊசியால் வலுவூட்டிப் பார்த்தார்கள்.

அதோடு நின்றது. எம்.வி.ஏ. ஊசியைத் தயாரித்த தெரியான் பயாலஜிக்ஸ், வேறொரு புற்றுநோய் மருந்தில் தோற்று 2006-லேயே மூடப்பட்டது. 2007 செப்டம்பரில் ஸ்டெப் ட்ரையல் நிறுத்தப்பட்டது. சுமார் 3,000 பேர் கலந்துகொண்ட அந்த ட்ரையலில், அடினோ-5 வைரஸை வண்டியாகக் கொண்டு டி செல்லை மட்டும் தூண்டும் ஊசி தொற்றைத் தடுக்கவில்லை. அடினோ-5 வைரஸுக்கு முன்பே எதிர்பொருள் (ஆன்டிபாடி) இருந்த, விருத்தசேதனம் செய்யாத ஆண்களில் தொற்று கூடவும் செய்தது. டி செல் மட்டும் போதும் என்ற எண்ணத்தின் அடித்தளமே ஆடிப்போனது.

இன்னொரு காரணம் கணக்கு. தாய்லாந்தின் ஆர்.வி.144 ட்ரையலில் 16,402 பேர். அத்தனை பேரை மூன்றரை ஆண்டு பின்தொடர்ந்தும் தொற்றியவர்கள் 125 பேர்தான்: ஊசி பெற்றவர்களில் 51, பெறாதவர்களில் 74. அதிலிருந்து வந்ததே 2009-இல் அறிவித்த 31.2 சதவீதப் பாதுகாப்பு. தென்னாப்பிரிக்காவின் எச்.வி.டி.என். 702-இல் 5,400 பேருக்குச் சற்று மேல். 2020 ஜனவரி இடைக்கணக்கிலேயே ஊசி பெற்றவர்களில் 129, பெறாதவர்களில் 123 என 252 தொற்றுகள். அந்த ஊசி தோற்றது என்ற முடிவு விரைவாகக் கிடைத்ததற்குக் காரணம் அந்த மண்ணில் தொற்று வேகம் அவ்வளவு அதிகம் என்பது. இந்தியாவில் தொற்றோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் என்றாலும் மக்கள்தொகையில் அது மிகச் சிறு பங்கு. இங்கே ஓர் ஊசியின் திறனை அளக்க வேண்டுமென்றால் தாய்லாந்தைப் போலப் பெருங்கூட்டத்தைச் சேர்க்க வேண்டும், அல்லது ஆபத்து அதிகமுள்ள சமூகங்களிடம் போக வேண்டும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட மக்களிடம் நம்பிக்கை சம்பாதிக்காமல் போவது அநீதி. அதற்கு ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கிறது.

ஆறு மணி நேரம்

ஆர்.வி.144-இன் பெரிய பயன் ட்ரையல் முடிந்த பிறகே வந்தது. தொற்றிய 41 பேர், தொற்றாத 205 பேர் என ஊசி பெற்றவர்களின் சேமித்த மாதிரிகளைப் பல ஆய்வகங்கள் பிரித்து எடுத்து அளந்தன. வைரஸ் உறையின் வி1-வி2 பகுதிக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்பொருள் அதிகமிருந்தவர்களுக்குத் தொற்று குறைவு என்று 2012-இல் தெரிந்தது. அந்த 41 பேரின் ட்யூப்கள் கெட்டிருந்தால் அந்த அறிவு உலகத்துக்கே கிடைத்திராது. ஆகவே ட்யூப் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு மில்லி ரத்தத்தில் தேவையான வெள்ளையணுக்கள் ஏறக்குறைய 10 லட்சம் கிடைக்கும். 100 மில்லி எடுத்தால் 10 கோடி. வயலுக்கு ஒரு கோடி வீதம் பத்து வயல்கள். கணக்கு எளிது, கைக்கு வருவது குறைவாகவே இருக்கும்.

ரத்தத்தை 18 முதல் 25 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். தில்லியில் இதுவே முதல் சோதனை. மே மாதம் வெளியே 45 டிகிரி, ஜனவரி விடியலில் 5. வெயிலுக்குப் பயந்து ஐஸ் பேக் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. குளிர்ந்த ரத்தத்தில் கிரானுலோசைட்டுகள் (நமக்கு வேண்டாத வேறு வகை வெள்ளையணுக்கள்) தூண்டப்பட்டு, அடர்த்தி மாறி, பிரிக்கும்போது நமக்கு வேண்டிய செல்களோடு கலந்துவிடும். 22 டிகிரியில் பதப்படுத்திய ஜெல் பேக்குகளை வெப்பம் புகாத பெட்டியில் வைத்து, உள்ளே பதிவுக் கருவி ஒன்றும் போட்டு அனுப்புவதே சரி.

பிறகு ஃபிகால். அடர்த்தி 1.077 உள்ள அந்தக் கரைசலின் மேல், நீர்த்த ரத்தத்தை ட்யூபின் சுவரோடு ஒட்டி மெதுவாக இறக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜின் பிரேக் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சரியாகச் சுற்றி நின்றால் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறப் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவே ஆறிய பாலில் படியும் ஆடை போல ஒரு மெல்லிய வெண் வளையம். அந்த வளையத்துக்காகத்தான் இத்தனையும். பிரேக் போட்டு நிறுத்தினால் அது கலங்கி மறைந்துவிடும். மறுபடி எடுக்க முடியாது.

உறைய வைக்கும் கலவை: 90 பங்கு கன்றுச் சீரம், 10 பங்கு டி.எம்.எஸ்.ஓ. செல்லுக்குள் பனிப்படிகம் உருவாகாமல் காப்பது டி.எம்.எஸ்.ஓ. அறை வெப்பத்தில் செல்லைக் கொல்வதும் அதுவே. சேர்த்த பின் நிமிடக் கணக்கில் வயல்கள் −80 டிகிரிக்குப் போய்விட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் இறங்க, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நிரப்பிய உறை டப்பா உதவும். அந்த ஆல்கஹாலை ஐந்து உபயோகத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அது ஈரம் உறிஞ்சி, இறங்கும் வேகம் மாறிவிடும். மறுநாள் திரவ நைட்ரஜன். ‘திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம்’ என்று −80-இலேயே விட்டு வைக்கும் வழக்கம் ஒரு தொடரையே கெடுக்கும்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு வயலைத் தேடி ரேக் முழுவதையும் வெளியே எடுத்து, துழாவி, திரும்ப வைப்பது. மற்ற வயல்கள் கொஞ்சம் சூடேறி மறுபடி உறையும். உருக்கிப் பார்த்தால் 85 சதவீதம் உயிரோடுதான் இருக்கும், எலிஸ்பாட் சோதனையில் மட்டும் புள்ளி வராது. சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு 2 லட்சம் செல் இட்டு, எதிர்வினை காட்டும் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும் சோதனை அது. புள்ளி இல்லையென்றால் ‘ஊசி வேலை செய்யவில்லை’ என்று எழுதப்படும். உண்மையில் வேலை செய்யாதது நம் வரைபடப் பதிவேடு. எந்த வயல் எந்த ரேக்கில் எந்தக் கட்டத்தில் என்று எழுதி வைத்திருந்தால் கை நேராக அங்கே போகும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது டிரை ஷிப்பரில். நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தக் கலன் −150 டிகிரிக்குக் கீழே, வகையைப் பொறுத்து, பத்து நாள் வரை தாங்கும். படுக்கப் போட்டால் அவ்வளவு தாங்காது. தில்லியில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் விமானங்கள் நாள்கணக்கில் தள்ளிப்போவது தெரிந்த விஷயம். அந்த வாரங்களில் அனுப்பாமல் இருப்பதே புத்தி. வெள்ளிக்கிழமை அனுப்பவே கூடாது, சுங்கத்தில் ஞாயிறு கழியும்.

வைரஸும் நம்முடையது

எதிர்பொருளை அளக்க உலகம் பொதுவாக நம்புவது டி.இசட்.எம்.-பிஎல் சோதனை. டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் மாண்டிஃபியோரியின் குழு இதைத் தரப்படுத்தி, பல நாட்டு ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரியை அனுப்பி, எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்று தேர்வு வைக்கிறது. வைரஸ் தொற்றினால் ஒளிரும்படி செய்த செல்கள், குழிக்கு 10,000. சீரத்தை 20 மடங்கு நீர்த்ததிலிருந்து மும்மடங்காக நீர்த்துக்கொண்டே போவது. 48 மணி நேரம் கழித்து ஒளியை அளப்பது. ஒளி பாதியாகும் நீர்ப்பே விடை.

இதில் இடறும் இடங்கள் இரண்டு. ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவரின் ரத்தத்தில் மருந்தே வைரஸைத் தடுத்துவிடும். எதிர்பொருள் அபாரமாக இருப்பதாக எண் பொய் சொல்லும். எச்.ஐ.வி. உறைக்குப் பதில் எலி லுகேமியா வைரஸின் உறை போட்ட ஒரு கட்டுப்பாட்டு வைரஸையும் சேர்த்து ஓட்ட வேண்டும். அதுவும் தடுக்கப்பட்டால் காரணம் எதிர்பொருள் இல்லை. இரண்டாவது, ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் ட்யூப். ஹெப்பாரினே வைரஸ் ஒட்டுவதைக் கெடுக்கும். இந்தச் சோதனைக்குச் சீரமே நல்லது.

சோதனைக்குப் பயன்படும் உலகப் பொதுத் தொகுப்பில் 12 வைரஸ் உறைகள் உள்ளன. அவற்றுள் 25710 என்ற எண்ணுள்ளது இந்தியாவில் எடுத்த சி வகை. 16055 என்ற இன்னொரு இந்திய வைரஸின் உறையை வைத்து ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ரிச்சர்ட் வயாட்டின் குழு தடுப்பூசிக்கான மும்மடிப் புரதம் வடிவமைத்தது. எங்கோ ஓர் ஊரில் ஓர் ஊசியின் தரத்தைச் சோதிக்கிறார்கள் என்றால், நம் நாட்டு நோயாளி ஒருவர் மனமுவந்து தந்த ரத்தம் அங்கே உரைகல்லாக நிற்கிறது. மூன்று ட்ரையல்களோடு இந்தியாவின் பங்கு முடிந்தது என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தில்லி எய்ம்ஸில் கல்பனா லூத்ராவின் குழு, தொற்றோடு பிறந்த ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து பல வகை வைரஸ்களைத் தடுக்கும் எதிர்பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்து, எய்ம்ஸ்-பி01 என்று பெயரிட்டு 2019-இல் வெளியிட்டது. பெரியவர்களின் உடம்பு ஆண்டுக்கணக்கில் போராடிச் செய்வதை ஒரு குழந்தையின் உடம்பு செய்திருக்கிறது. எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் ஊசி வடிவமைப்பே மாறும்.

இப்போதைய முயற்சி அந்தத் திசையில்தான். ஐ.ஏ.வி.ஐ. ஜி001 ட்ரையலில் ஊசி பெற்ற 36 பேரில் 35 பேருக்கு, அத்தகைய எதிர்பொருளைச் செய்பவையாக வளரக்கூடிய அரிய பி செல்கள் (எதிர்பொருள் செய்யும் வெள்ளையணுக்கள்) தூண்டப்பட்டன. விடுபட்ட ஒருவரின் மரபணுவில் அதற்குத் தேவையான ஐ.ஜி.எச்.வி.1-2 மரபணுவின் சரியான வடிவம் இல்லை. இந்த ஒருவரைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். அந்த வடிவம் எந்த மக்களிடம் எவ்வளவு என்று அந்தந்த மண்ணில் அளந்தால்தான் ஊசி அவர்களுக்குப் பொருந்துமா என்று தெரியும். அடுத்த கட்டம் அமெரிக்காவோடு நிற்காமல் ருவாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்தது சரியான முடிவு. 2025-இல் அமெரிக்கா நிதியை வெட்டியதில் தென்னாப்பிரிக்காவின் பிரில்லியண்ட் கூட்டமைப்பு உட்பட பல அடிபட்டன. பல ஆண்டுகளாகப் பழக்கிய ஆய்வகக் கைகள் கலைந்தால், பணம் திரும்பி வந்தாலும் அந்தக் கைகள் திரும்ப வருவதில்லை.

‘தடுப்பூசி’ என்ற சொல்

தமிழில் ஒப்புதல் படிவம் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ‘வேக்சின்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இல்லாத உறுதிமொழி ‘தடுப்பூசி’யில் இருக்கிறது: அது தடுக்கும் என்று பெயரே சொல்லிவிடுகிறது. “இதப் போட்டுக்கிட்டா எனக்கு அது வராதுல்ல சார்?” என்று கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை, நாம் எழுதியதைத்தான் சரியாகப் படித்திருக்கிறார். ‘தடுக்குமா என்று இன்னும் தெரியாத சோதனை ஊசி’ என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். ‘மருத்துவப் பரிசோதனை’ என்பதும் ஆபத்து. ரத்தம், சிறுநீர் டெஸ்ட் என்றே காதில் விழும். ‘ட்ரையல்’ என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் புரியும். ஊசியிலிருந்து எச்.ஐ.வி. தொற்றாது, ஏனெனில் முழு வைரஸ் அதில் இல்லை, துண்டுகள்தான் என்பதை வாயால் சொல்லி, அவரையே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

சொல்லித் தீர வேண்டிய இன்னொன்று, ஊசி நன்றாக வேலை செய்தால் வரும் சங்கடம். உடம்பு எச்.ஐ.வி.க்கு எதிர்பொருள் செய்துவிட்டதால், சாதாரண ரேபிட் டெஸ்ட் ‘பாசிட்டிவ்’ என்று காட்டலாம், அதுவும் ஆண்டுக்கணக்கில். தொற்று இல்லவே இல்லை. ஆனால் வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போகிறவருக்கு அந்த ஒரு சொல்லே விசாவைப் பறிக்கும். கல்யாணப் பேச்சிலும் ரத்த தானத்திலும் இதே கதி. இந்தியாவில் வேலைக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் கட்டாயப்படுத்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வளைகுடா நாட்டு மெடிக்கலுக்கு அது செல்லாது.

செய்ய வேண்டியது இது. தன்னார்வலர் கையில் ட்ரையல் அடையாள அட்டை இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். சோதனை, இலவசமாக. ‘இந்த எதிர்பொருள் ஊசியால் வந்தது’ என்று நிறுவனத் தலைப்பிட்ட கடிதம், கேட்ட வாரத்திலேயே. அட்டையில் அச்சிடும் தொலைபேசி எண் திட்ட ஒருங்கிணைப்பாளரின் கைப்பேசியாக இருக்கக் கூடாது. திட்டம் மூன்றாண்டில் முடியும், அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், ஊசி செய்த கம்பெனியும் மூடப்படலாம். எண் நிறுவனத்தின் நிரந்தரத் தொலைபேசியாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து ஒருவர் அழைத்தாலும், குறியீட்டு எண்ணைச் சொன்னதும் பதிவேட்டைத் திறந்து பதில் சொல்ல ஒருவர் அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். அதற்கான சம்பளம் ட்ரையலின் முதல் பட்ஜெட்டிலேயே தனி வரியாக வர வேண்டும்.